முதலில் காது, பிறகு நாக்கு



 

அன்புக்குரிய பாலமுனை ஜமாஅத்தினரே, ஒலிபெருக்கி வழியாக வீடுகளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உம்மாமாரே, ராத்தாமாரே!

இன்றைய உரையை ஒரு சிறுவனில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நான் ஓதி முடித்து வெளியேறிய புதிதில் ஒரு குர்ஆன் மத்ரஸாவில் உஸ்தாதாக இருந்தேன். அங்கே ஆறு வயதுப் பிள்ளை ஒருவன். குணமானவன், கேள்வி கேட்டால் முதலில் கையை உயர்த்துவான். ஆனால் 'குல்' என்று தொடங்கும் சூராக்களை ஓதச் சொன்னால் 'துல்' என்பான். கடல் அவன் வாயில் 'தடல்'. தன்னுடைய காக்காவை, ராத்தாவைக் கூப்பிடுவது போல், 'தாத்தா' என்று கூப்பிடுவான். மூத்த நானாவை மூத்த ராத்தாவாக்கிவிட்டான் என்று வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். நான் சிரிக்கவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். பிரம்பால் மேசையில் தட்டிக்கொண்டு, 'சொல்லு, கு, கு, குல், சொல்லு' என்று பத்துத் தரம், இருபது தரம் சொல்ல வைத்தேன். ஒவ்வொரு தரமும் 'துல்' என்றே வந்தது. இவன் பிடிவாதக்காரன் என்று நினைத்தேன். மூன்றாம் கிழமையில் அவன் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு மத்ரஸாவுக்கு வரவுமில்லை.

பல வருடம் கழித்து என் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு இதே குறை. வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சை செய்யும் மிஸ்ஸிடம் அவனைக் கூட்டிப் போனோம். நாக்கைப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மௌலவி, புள்ளைக்கு இந்த ரெண்டு சத்தமும் வேற வேறயாக் கேக்குதா எண்டு ஆராவது பாத்தீங்களா?"

எனக்கு அந்தப் பழைய பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. 'சொல்லு' என்று அவனிடம் ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். 'கேக்குதா மகன்?' என்று ஒரு தரமும் கேட்டதில்லை.

சகோதரர்களே, இந்த வரிசை நம் மார்க்கத்துக்குப் புதியதல்ல. பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். அது வாய் திறந்து ஒரு சொல் சொல்ல வருடமாகும் என்று நமக்குத் தெரியும். இருந்தும் காதுக்குக் கொடுத்துவிட்டு நாக்குக்காகக் காத்திருக்கிறோம். சூரத்துந் நஹ்லில் அல்லாஹ், ஒன்றுமே அறியாதவர்களாக நம்மைத் தாயின் வயிற்றிலிருந்து வெளியாக்கியதை நினைவூட்டிவிட்டுத் தான் தந்த அருட்கொடைகளைச் சொல்கிறான். அதில் செவி முதலில் வருகிறது. பார்வையும் உள்ளமும் அதற்குப் பின்னால்தான். ஆறாம் மாதமளவில் கருவிலிருக்கும் பிள்ளை வெளிச் சத்தத்துக்கு அசையத் தொடங்கிவிடுகிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பிறந்து சில நாளேயான பச்சைக் குழந்தை வேறு பெண்ணின் குரலைவிடத் தன் உம்மாவின் குரலையே நாடுகிறது என்பதை 1980இல் அமெரிக்காவில் ஆய்வு செய்து காட்டினார்கள். அந்தக் குரலை அது எங்கே படித்தது? வயிற்றுக்குள்ளே, கேட்டுக் கேட்டு.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். வஹீ இறங்கிய ஆரம்ப நாட்களில், ஓதிக்காட்டப்படுவது தவறிவிடுமோ என்ற கவலையில் நபி (ஸல்) அவர்கள் கூடவே உதடுகளை அசைத்து ஓத முயல்வார்கள். சூரத்துல் கியாமாவில் அல்லாஹ் அந்த அவசரம் வேண்டாம் என்றான். மனதில் சேர்த்து வைப்பதும் ஓத வைப்பதும் தன் பொறுப்பு என்றான். ஓதப்படும்போது அதைப் பின்தொடரும்படி கட்டளையிட்டான். அந்தப் 'பின்தொடர்தல்' என்பதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் என்ன விளக்கம் தந்தார்கள்? மௌனமாக இருந்து செவிதாழ்த்திக் கேட்பது என்றார்கள். அதன் பிறகு ஜிப்ரீல் (அலை) வந்தால் நபியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவர் சென்ற பின்னர்தான் ஓதுவார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. முதல் மாணவரே கேட்டுத்தான் படித்தார்கள். ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்கு இந்தக் குர்ஆன் வந்து சேர்ந்ததும் அப்படியே. அந்தச் சங்கிலியில் நிற்கிறேன் என்று பெருமைப்பட்ட நான், ஒரு சின்னப் பிள்ளை விடயத்தில் அந்தச் சங்கிலியின் முதல் வளையத்தையே மறந்து போனேன்.

நம் அறிஞர்கள் இதையெல்லாம் அறியாதவர்களும் அல்ல. எழுத்து எங்கே பிறக்கிறது என்ற மக்ரஜ் பாடம் நம் ஒவ்வொரு மத்ரஸாவிலும் இருக்கிறது. பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அரபு மொழியின் முதல் அகராதியான கிதாபுல் ஐனைத் தொண்டையில் பிறக்கும் எழுத்தில் தொடங்கி உதட்டை நோக்கி வரும் வரிசையில் அமைத்தார். தமிழிலும் தொல்காப்பியம் இதற்கென்றே பிறப்பியல் என்று ஓர் இயலை வைத்திருக்கிறது. அதே பஸ்ராவைச் சேர்ந்த அல்-ஜாஹிழ், 9ஆம் நூற்றாண்டில் எழுதிய 'அல்-பயான் வத்தப்யீன்' என்ற நூலில், நாக்கு எழுத்தை மாற்றிச் சொல்லும் குறையை விரிவாகவே பேசுகிறார். அதற்கு லுத்ஃகா என்று பெயர். எந்தெந்த எழுத்தில் இது வரும் என்று அவர் எண்ணிச் சொல்கிறார். அதில் ஒன்று என்ன தெரியுமா? 'காஃப்' வர வேண்டிய இடத்தில் 'தா' வருவது! நான் பிரம்பைத் தட்டிக்கொண்டு கேட்ட அதே 'துல்'. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்த குறையை, ஓதிப் பட்டம் வாங்கிய நான் பிடிவாதம் என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் பிள்ளையும் மன்னிக்க வேண்டும்.

சரி, இந்தக் குறை என்ன, இதற்கு என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

இதைப் பேச்சொலிக் கோளாறு என்கிறார்கள். சொல் திக்கித் திக்கி வரும் கொன்னை வேறு, இது வேறு. இந்தப் பிள்ளை சரளமாகப் பேசும், ஆனால் ஓர் ஒலி வர வேண்டிய இடத்தில் இன்னோர் ஒலி வந்து விழும். 'க'வுக்கு 'த' வரும், 'ர'வுக்கு 'ல' வரும், சில பிள்ளைகளுக்குச் சொல்லின் ஒரு துண்டே விழுந்து போகும். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைக்கும் இது உண்டு. அதுதான் மழலை. எப்போது கவலைப்பட வேண்டும்? வீட்டாருக்கு அல்ல, வெளியாருக்குப் பிள்ளையின் பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்று பாருங்கள். 2 வயதில் பாதி விளங்கினால் போதும். 3 வயதில் முக்கால்வாசி விளங்க வேண்டும். 4 வயதில் கிட்டத்தட்ட முழுவதும் விளங்க வேண்டும். 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018இல் ஒரு முடிவு வெளியானது. உலகில் எந்த மொழி பேசும் பிள்ளையாக இருந்தாலும், 5 வயதுக்குள் தன் மொழியின் மெய்யொலிகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறது என்பதே அது. 5 வயது என்றால் நமக்கு என்ன? தரம் ஒன்றில் சேரும் வயது. அதுவரை 'சின்னப் புள்ளதானே, போகப் போகச் சரி வரும்' என்று இருந்துவிட்டு, எழுத்துப் படிக்கும் வகுப்பில் கொண்டுபோய் விடுகிறோம். வாயில் 'தடல்' என்று இருப்பதைக் கொப்பியிலும் 'தடல்' என்றே எழுதும். ஆசிரியை சிவப்புப் பேனையால் வெட்டுவார். பிள்ளைக்கு ஏன் வெட்டுகிறார் என்றே விளங்காது.

இங்கே ஒரு பாகுபாட்டைச் சொல்லாமல் போக முடியாது. நம் கரையோர ஊர்களில் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிறோம். அது குறையல்ல, ஊர்ப் பேச்சு. தமிழ்ப் பிள்ளைக்கு அரபியின் 'ஐன்', 'ழாத்' உடனே வராததும் கோளாறல்ல. அந்த ஒலிகள் அதன் வீட்டில் இல்லை, பழகப் பழகத்தான் வரும். உம்மாவும் வாப்பாவும் சரியாகச் சொல்லும் ஓர் ஒலியை, வயது வந்த பிறகும் பிள்ளையால் மட்டும் சொல்ல முடியவில்லை என்றால்தான் அது பார்க்க வேண்டிய விடயம்.

பார்ப்பது எங்கே தொடங்க வேண்டும்? காதில். எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் காதுப் பரிசோதனை. 'கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கான் மௌலவி, காது நல்லாத்தான் கேக்குது' என்பீர்கள். அது பரிசோதனையே அல்ல. பிள்ளைக்குப் பெருஞ்சத்தம் கேட்கும், கதவு அடிபடுவது கேட்கும், அதன் பெயர் கேட்கும். ஆனால் 'ச', 'ஷ' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காமல் போகலாம். அப்படிப்பட்ட பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும், ஆனால் நீங்கள் சொன்ன சொல்லில் பாதிதான் அதற்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தடிமன் பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள் பலர். வலி இருக்காது, வெளியில் ஒன்றும் தெரியாது. தண்ணிக்குள் தலையை அமிழ்த்திக்கொண்டு கேட்பது போல் எல்லாம் மங்கலாகக் கேட்கும். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் விட்டுப் பஞ்சை அடைக்கும் பழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். நெருங்கிய சொந்தத்துக்குள் தலைமுறை தலைமுறையாகக் கலியாணம் செய்த குடும்பங்களில் பிறவியிலேயே கேள்விக் குறை வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொல்லிவைக்கிறேன். அத்தகைய குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் முதல் மாதங்களிலேயே காதைப் பார்த்துவிடுங்கள்.

காது சரியாக இருந்தும் ஒலி மாறுகிறதா? அங்கேதான் கேட்க வைக்கும் சிகிச்சை வருகிறது. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். அந்த மிஸ் முதல் சில நாட்களில் பிள்ளையை 'க' சொல்லச் சொல்லவே இல்லை. இரண்டு படம் வைத்தார். ஒன்றில் கம்பி, மற்றதில் ஒரு தம்பி. "நான் சொல்றத எடுத்துத் தாங்க மகன்" என்றார். கம்பி, தம்பி, தம்பி, கம்பி. முதலில் பிள்ளை தடுமாறினான், பிறகு சரியாக எடுத்தான். அடுத்த நாள் கட்டு, தட்டு. அதற்கடுத்து வேலை மாறியது. "இப்ப நீங்க சொல்லுங்க, நான் எடுத்துத் தாறன்." பிள்ளைக்குக் கம்பி வேண்டும். ஆனால் அவன் வாயில் 'தம்பி' என்று வந்தது. மிஸ் சிரிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. தம்பிப் படத்தைக் கையில் கொடுத்தார். பிள்ளை திகைத்துப் போனான். அந்தத் திகைப்பில்தான் பாடம் இருக்கிறது. சத்தம் மாறினால் சொல்லே மாறுகிறது, கேட்டது கிடைக்காமல் வேறொன்று வருகிறது என்பதை அன்றைக்குத்தான் அவன் காது கண்டுபிடித்தது.

இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்காவில் பார்பரா ஹோட்சன், எலைன் பேடன் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை அது. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும், படிக்க வேண்டிய ஒலி உள்ள சொற்களை வரிசையாக, கொஞ்சம் ஒலி கூட்டி, தெளிவாகப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அவ்வளவுதான். பிள்ளை திருப்பிச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் போதும். அந்தப் பட்டியலை உம்மாவோ வாப்பாவோ வீட்டில் நாளுக்கு ஒரு தரம் வாசிக்க வேண்டும். நமக்கென்றால் கல், கண், கடல், குடை, கூடு, கோழி, காகம், கொடி, கம்பி, கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும், நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சூரத்துல் ஃபாத்திஹாவை நம் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உம்மா தொழும்போது முதுகில் ஏறிக்கொண்டு கேட்ட பிள்ளைகள் அவர்கள்.

அதற்கும் முன்னால், 1939இல் சார்ல்ஸ் வான் ரைப்பர் என்பவர் பேச்சுத் திருத்தம் பற்றி எழுதிய நூலில், நாக்குப் பயிற்சிக்கு முன் காதுப் பயிற்சி என்று வரையறுத்தார். அவரே திக்குவாயோடு வளர்ந்தவர். பேச்சில் இடறுபவனின் வேதனை அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் நான் பாதியைத்தான் சொன்னவனாவேன். பல பிள்ளைகளுக்கு மற்றவர் வாயில் வரும் பிழை நன்றாகவே கேட்கும். தன் வாயில் வருவதுதான் கேட்காது. 1960இல் ஆய்வாளர் இருவர் எழுதிய ஒரு சம்பவம் புகழ்பெற்றது. ஒரு சின்னப் பிள்ளை தன் பிளாஸ்டிக் மீனைப் பிழையான உச்சரிப்போடு பெயர் சொல்லிக் காட்டியது. பெரியவர் அதே பிழையோடு திருப்பிச் சொன்னார். பிள்ளை மறுத்தது. இல்லை என்றது. பெரியவர் சரியாகச் சொன்ன பிறகுதான், 'ஆம், அதுதான்' என்று மறுபடியும் அதே பிழையோடு சொன்னது! வீட்டில் நீங்களும் இதைக் காணலாம். கேலியாக அல்லாமல், நீங்களும் ஒரு தரம் 'தடல்' என்று சொல்லிப் பாருங்கள், அவன் கோபப்படுவான், அப்படியில்லை என்பான். ஆகவே கடைசியாகத் திறக்க வேண்டிய கதவு, தன் குரலைத் தானே கேட்பது. அதற்குக் கையிலிருக்கும் தொலைபேசி உதவும். பிள்ளை சொன்னதைப் பதிவு செய்து, போட்டுக் காட்டி, 'இது சரியா மகன், நீங்களே சொல்லுங்க' என்று அவனையே தீர்ப்புச் சொல்ல விடுகிறார்கள். நாம் தொலைபேசியைப் பிள்ளையின் வாயை மூட வைக்கக் கொடுக்கிறோம். அதையே அவன் காதைத் திறக்கவும் கொடுக்கலாம்.

கேட்டால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பழகிய பின் வாய் உழைத்தாக வேண்டும். நாக்கு எங்கே தொட வேண்டும், காற்று எங்கே வெளியாக வேண்டும் என்று காட்டிக் கொடுத்து, ஒலியாக, சொல்லாக, வசனமாகப் பல மாதம் பயிற்சி செய்தால்தான் நிலைக்கும். காது வழியைக் காட்டும், நாக்கு நடக்க வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'கேட்கும் சிகிச்சை' என்ற பெயரில் தலைக் கேட்பானில் வடிகட்டிய இசையைப் போட்டுப் பல ஆயிரம் ரூபாய் வாங்கும் வியாபாரங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவி நிபுணர் சங்கம் 2004இலேயே அத்தகைய செவிப் பயிற்சிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டது. அவற்றுக்குக் காசைக் கொட்டாதீர்கள். விசில் ஊதச் சொல்வது, பலூன் ஊதச் சொல்வது, நாக்கில் வசம்பு தேய்ப்பது இவற்றாலும் 'க' வராது. நாக்கின் அடியை வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்று எவராவது சொன்னால், வைத்தியரும் பேச்சுச் சிகிச்சையாளரும் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். அது பேச்சொலிக்குக் காரணமாக இருப்பது அபூர்வம்.

சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா என்றொரு பள்ளி இருக்கிறது. காது கேளாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான பள்ளி. அங்கே பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு உம்மா வீட்டுக்குப் போக முடியாது. கூடவே வகுப்பில் உட்கார்ந்து, எப்படிக் கேட்க வைப்பது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று அவரும் படிக்க வேண்டும். முற்றாகக் கேளாத பிள்ளைக்கே அவ்வளவு பாடுபட்டுக் கேள்வியைத் திறக்கிறார்கள் என்றால், நல்ல காதோடு அல்லாஹ் தந்த பிள்ளைக்கு ஒரு நாளில் பத்து நிமிடம் நம்மால் ஒதுக்க முடியாதா? இரவில் டீவியை நிறுத்திவிட்டு, கரவலை இழுத்துவிட்டு வந்த வாப்பாவும் வயலிலிருந்து வந்த வாப்பாவும் பத்து நிமிடம் பிள்ளையோடு குந்தியிருந்தால் அது நடக்கும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார் தொலைபேசியில் அந்தப் பத்துச் சொல்லை வாசித்து அனுப்புங்கள். பிள்ளைக்கு அது மருந்தும், உங்கள் குரலும்.

இனி, கேலி பற்றி. இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூஸா (அலை) அவர்களின் நாவில் ஒரு முடிச்சு இருந்தது. ஃபிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது, தன் பேச்சை மக்கள் விளங்கிக்கொள்ள அந்த முடிச்சை அவிழ்க்கும்படி அவர்கள் இறைஞ்சியது சூரத்து தாஹாவில் இருக்கிறது. தன்னைவிடத் தெளிவாகப் பேசக் கூடிய தன் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். அல்லாஹ் அந்தத் துணையையும் கொடுத்தான். அதே மூஸாவைப் பார்த்து, இவருக்குத் தெளிவாகப் பேசவே வராது என்று சபையில் இழிவுபடுத்தியவன் யார்? சூரத்துஸ் ஸுக்ருஃபில் பாருங்கள். ஃபிர்அவ்ன்! பேச்சில் இடறும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் எவன் பக்கத்தில் போய் நிற்கிறோம் என்று யோசியுங்கள். வீட்டில் விருந்தினர் வந்தால், 'மகன், காக்கா எண்டு சொல்லுங்க பாப்பம்' என்று பிள்ளையைப் பேச வைத்துக் கூட்டமாகச் சிரிக்கிறோமே, அது பாசம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். பிள்ளைக்கு அப்படிப் படுவதில்லை. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை சூரத்துல் ஹுஜுராத் தடுத்திருக்கிறது. அந்தத் தடை பெரியவர்களுக்கு மட்டுமானதல்ல.

பிலால் (ரலி) அவர்களுக்கு 'ஷீன்' சொல்ல வராது, 'ஸீன்' என்றுதான் பாங்கு சொன்னார்கள் என்று நம் மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள். பிள்ளைகளுக்கு ஆறுதலாகச் சொல்வதும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை என்று இப்னு கஸீர் போன்ற அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிலால் (ரலி) குரல் வளத்துக்காகவே பாங்குக்குத் தெரிவு செய்யப்பட்டவர்கள். பிள்ளைக்கு ஆறுதல் சொல்லப் பொய்க்கதை தேவையில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஒரு ஹதீஸ் போதும். திறமையாக ஓதுபவர் கண்ணியமிக்க மலக்குகளோடு இருப்பார். திக்கித் திணறி, சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற கருத்து அதில் வருகிறது. உஸ்தாத்மாரே, இரண்டு கூலி எழுதப்படும் ஒரு வாயின் முன்னால் பிரம்போடு நிற்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். முதலில் நம் பாலமுனை வைத்தியசாலையிலோ கிளினிக்கிலோ காட்டுங்கள். குடும்பநல மாது வரும்போது வெட்கப்படாமல் சொல்லுங்கள். பிள்ளை பிறந்ததும் தந்த கிளினிக் புத்தகத்தில் வளர்ச்சியையும் கேள்வியையும் பார்க்கும் பக்கங்கள் இருக்கின்றன, அவற்றை நிரப்பிக் கேளுங்கள். அங்கிருந்து கடிதம் எடுத்துக்கொண்டு காது, மூக்கு, தொண்டை வைத்தியரைப் பார்க்கலாம். கல்முனைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போக வேண்டி வந்தாலும் அரச வைத்தியசாலையில் பரிசோதனைக்குக் காசு இல்லை, பஸ் காசுதான் செலவு. பேச்சுச் சிகிச்சையாளரிடம் எழுதித் தரச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஒரு தரம் போய்விட்டு, 'மிஸ் சும்மா படம் காட்டுறா, விளையாட்டுக் காட்டுறா' என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த விளையாட்டுத்தான் மருந்து.

ஆனால் தமிழில் நம் பிள்ளையோடு பேசி வேலை செய்யக் கூடிய சிகிச்சையாளர்கள் நம் நாட்டில் மிகச் சிலர். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ 'கம்பி, தம்பி' விளையாட முடியாது. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவி விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, டொக்டர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் கவலைப்படுகிறீர்கள். இந்தப் படிப்பையும் விண்ணப்பத்தில் மேலே எழுதுங்கள். ஒரு சமூகத்தில் ஒருவராவது செய்தாக வேண்டிய கடமையை பர்ளு கிஃபாயா என்கிறோம். எவரும் செய்யாவிட்டால் அத்தனை பேரும் பாவத்தில் பங்காளிகள். இந்தக் கரையோரத்தின் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மொழியில் கேட்கக் கற்றுக்கொடுப்பதை அந்தக் கடமையில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு சுபஹுக்குப் பின் பள்ளியில் இருப்பேன். 4 வயது கடந்தும் பேச்சு விளங்காத பிள்ளை உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ இருந்தால், பிள்ளையையும் கிளினிக் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். காது பார்க்க வேண்டியவர்களின் பெயரை எழுதி, ஒன்றாக ஒரு நாளில் கூட்டிப் போவோம். போக்குவரத்துக்குக் கையில் இல்லாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், ஜமாஅத் பார்த்துக்கொள்ளும். குர்ஆன் மத்ரஸா உஸ்தாத்மார்கள் அனைவரும் அன்றைக்குக் கட்டாயம் வர வேண்டும். வரும்போது பிரம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.